உள்வயலுக்கு வழி

ஜனவரி 5, ஞாயிறு

எழுதி வைப்பது நல்லது. இந்த ஊரில் எது நடந்தாலும் நான்கு பேர் வாயில் புகுந்து வரும்போது அது வேறொன்றாகிவிடும். பின்னால் யாரும் திரித்துச் சொல்ல முடியாதபடி இந்த அறுவடை முடியும்வரை எழுதப்போகிறேன்.

சாலையோரத்து வயல் என்னுடையது. அதற்குப் பின்னால் இருக்கும் உள்வயல் என் தம்பி மாசிலாமணியுடையது. அதற்கும் பின்னால் வடிகால். வடக்கே செங்கல் சூளைக்காரர் போட்ட கம்பி வேலி, தெற்கே சவுக்குத் தோப்பு. ஆகவே அறுவடை மிஷின் உள்வயலுக்குப் போகவேண்டுமென்றால் என் வயலில் இறங்கித்தான் போகவேண்டும். என் வயலில் தேங்கும் தண்ணீர் வெளியேற வேண்டுமென்றால் அவன் வயலோரமாக ஓடித்தான் வடிகாலில் விழவேண்டும். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் விட்டு நகர முடியாதபடி அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். அவர் அதைப் பாசம் என்று நினைத்திருக்கக்கூடும்.

இந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாலையோரத்துக்காரர் முந்தி விளையும் நெல்லைப் போடுவார். உள்ளே போகப்போக நாள் கூடிய நெல். மிஷின் சாலையில் இறங்கி வரிசையாக அறுத்துக்கொண்டே உள்ளே போய்விடும். இது சட்டமில்லை. ஆவணியில் விதை விடுவதற்கு முன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு என்னை யாரும் கேட்கவில்லை. நான் சி.ஆர். போட்டேன். நாள் கூடிய நெல்தான். ஆனால் களிமண்ணுக்கு ஏற்றது, காற்றுக்குச் சாயாது. தாவரவியலில் முதுகலை படித்தவனுக்குத் தன் மண்ணில் எதைப் போடுவது என்று தெரியாதா? தம்பி வழக்கம்போலப் பொன்னி போட்டிருக்கிறான். அவன் வயல் மஞ்சள் பூத்துவிட்டது. என் வயலில் இப்போதுதான் பயிர் சூல் கட்டுகிறது, கதிர் இன்னும் வெளியே வரவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

நான்கு இடத்தில் எலிக்கிட்டி வைத்தேன். இரண்டு எலிகள் விழுந்தன.

பொதுவரப்பில் மாசிலாமணி நின்றிருந்தான். குனிந்து என் பயிரில் ஒரு தூரைப் பிடித்து, இன்னும் விரியாத கதிரை நகத்தால் கீறிப் பார்த்தான். பிறகு தன் வயலைத் திரும்பிப் பார்த்தான். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். ஒளிந்திருக்கவில்லை. அங்கே வேலை இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

தம்பி மனைவி அஞ்சுகம் வந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றாள். என் மனைவி சுலோச்சனா கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள்.

"பெரியத்தான், ஒரு வார்த்த கேக்கலாமா?"

"கேளும்மா."

"நம்ம நெல்லு பழுத்துப்போச்சு. பொங்கல் கழிஞ்சதும் அறுத்துடணும். மிஷினு எறங்குறதுக்கு ஓரமா ஒரு பாத மட்டும் விட்டீங்கன்னா..."

"அவன் சொல்லி அனுப்பினானா?"

"அவரு எங்க சொல்றாரு. ஒங்க வயல்லேருந்து வந்து, சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துருக்காரு. கொழம்பு ஊத்தவான்னு கேட்டா, ஊத்திட்டியேங்குறாரு."

சுலோச்சனா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சூல் கட்டின பயிர் அஞ்சுகம். மிஷின் போறதுக்கு ஒரு பாதை, நெல்லை ஏத்திக்கிட்டு டிராக்டர் வர்றதுக்கு இடம், திரும்பறதுக்கு இடம். எவ்வளவு போகும்னு நெனச்சுப் பாத்தியா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா நானே அறுத்துட்டு வழி விடப்போறேன்."

"பழுத்தது எப்படிப் பொறுக்கும் பெரியத்தான்? போன வருஷமும் வெள்ளத்துல போச்சு. இதும் போச்சுன்னா எங்க ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கும் ஒண்ணுமில்ல."

"கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும்."

"கேக்க வேண்டிய நேரத்துல வந்து கேக்கத்தான்..." என்று ஆரம்பித்தவள் சுலோச்சனாவைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள். இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டது ஏனென்று எனக்குத் தெரியாது. காபி குடிக்காமல் போய்விட்டாள்.

வரப்பில் தலைச்சுமையாகத் தூக்கி வரலாம்தான். அறுக்க ஆள் வேண்டும். இப்போது கையறுப்புக்கு யார் வருகிறார்கள்? மிஷின் வந்ததிலிருந்து கருக்கரிவாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் நாங்கள் நாலைந்து பேர்தான்.

ஜனவரி 11, சனி

காரணம் கேட்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு மூன்று வயல் இருந்தது. மூன்றாவது குளத்தடி வயல். நான் முதுகலை படிக்கும்போது அப்பா அதை விற்றார். நான் விற்கச் சொல்லவில்லை. படி என்று சொன்னவரும் அவர், விற்றவரும் அவர். பாகம் பிரிக்கும் நாளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "அண்ணன் படிப்புல குளத்தடி போயிருச்சுல்ல." அதிர்ந்துகூடப் பேசவில்லை. சோறு கேட்பதுபோலச் சொன்னான். உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். உள்வயல் கொஞ்சம் பெரியது. அது அவனுக்குப் போயிற்று.

பிறகு நான் ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகள் தாவரச் செயலியல் நடத்தினேன். பாடப்பிரிவையே மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தேன். பேருந்திலிருந்து இறங்கும்போது பெட்டியை வாங்க அவன்தான் வந்திருந்தான். "வந்துட்டீங்களாண்ணே" என்றான். அந்த 'வந்துட்டீங்களா'வில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒருவன் வாழ்க்கையை ஒரு வயலாக்கி, அந்த வயலும் விற்றாயிற்று என்று சபையில் சொல்வது எவ்வளவு எளிது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்.

புது நெல் இல்லாமல் பொங்கல் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் வயல் பச்சை. பழைய அரிசிதான் என்று நினைத்திருந்தேன். காலையில் நிலைப்படியில் பழுத்த கதிர் கட்டித் தொங்கியது. மெல்லிய மணி, பொன்னி.

"ஏது இது?"

"அஞ்சுகம் குடுத்தா. வரப்போரமா கையால அறுத்து, குத்திப் புடைச்சு, ஒரு படி அரிசியும் குடுத்தா."

"நம்ம வீட்ல அரிசி இல்லையா?"

"புதுசு இல்ல" என்றாள்.

பால் பொங்கியது. சாப்பிடும்போது வயிறு சரியில்லை என்று ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். மாலையில் பானையில் மிச்சமிருந்ததைத் தின்றேன். வீணாகப் போகக்கூடாது.

ஜனவரி 16, வியாழன்

ஊருக்குள் மிஷின்கள் வந்துவிட்டன. கோயில் திடலில் நான்கு நிற்கின்றன. என் வயலில் பூ. காலை பத்து மணிக்கு வரப்பில் நின்றால் வாசனை தெரிகிறது.

ஜனவரி 17, வெள்ளி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. நாளை முதல் டெல்டா மாவட்டங்களில் பரவலாக மழை என்று வானொலியில் சொன்னார்கள். ஊரே சாலையில் நிற்கிறது. மிஷினுக்கு அடிதடி. மேலத்தெருவில் பாதிப் பழுத்ததையும் அறுக்கிறார்கள்.

மாசிலாமணி என் வயல் முனையில், சாலையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேலம் பக்கத்து டிரைவர் செங்கோடன் மிஷினை நிறுத்தி அவனிடம் என்னவோ கேட்டான். தம்பி என் பயிரைக் காட்டி, வழியில்லை என்று தலையசைத்தான். மிஷின் போய்விட்டது. நான் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தேன். அவன் என் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால், என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவன் திரும்பவில்லை.

இதை நான் சுலோச்சனாவிடம் சொன்னேன். ஆவணியிலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, அவ்வளவு திமிர் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

"யாரும் கேக்கல, யாரும் கேக்கலன்னு எத்தன தடவ சொல்லுவீங்க? ஆவணியில தம்பி வந்து வாசல்ல நின்னுச்சு. 'அண்ணன் என்ன நெல்லு விடப்போறாரு அண்ணி'ன்னு கேட்டுச்சு. வெளிய போயிருக்காருன்னு சொல்லுன்னு என்கிட்ட கைய ஆட்டுனது யாரு? உள்ள உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு. ஒங்க செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. அது அந்தச் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, 'சரி அண்ணி, வந்ததும் கேட்டதா சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு மானம் போச்சு."

சுலோச்சனாவின் ஞாபகம் எப்போதும் இப்படித்தான். அன்று எனக்குத் தலைவலி.

ஜனவரி 18, சனி

மாலையிலிருந்து மழை.

ஜனவரி 19, ஞாயிறு

விடாமல் பெய்கிறது. காலையில் என் வயலில் முழங்காலளவு தண்ணீர். பூவில் இருக்கும் பயிர் இப்படி நின்றால் பதராகிவிடும். தண்ணீர் போகும் ஒரே வாய் பொதுவரப்பில் இருக்கும் மடை. அதைத் திறப்பதும் அடைப்பதும் அவன் பக்கம்.

அவன் அடைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அடைத்திருப்பேன். பழுத்த நெல்லை வைத்துக்கொண்டு அடுத்தவன் வயல் தண்ணீரையும் எவன் வாங்குவான்? கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு போனேன். வார்த்தைகளை வழியிலேயே அடுக்கிக்கொண்டு போனேன். சண்டை வந்தால் குளத்தடியிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தேன்.

மடை திறந்திருந்தது. திறந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வெட்டி அகலப்படுத்தியிருந்தான். மடைக்கு நேராக, அவன் வயலுக்குள் ஓரமாக நின்ற பழுத்த பயிரை ஒரு கோடாக அறுத்துத் தள்ளித் தண்ணீர் ஓட வழி செய்திருந்தான். என் வயல் தண்ணீர் கலங்கலாக அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்தது. போதாமல் இரு பக்கமும் பரவி அவன் பயிருக்குள்ளும் புகுந்திருந்தது. அவன் வடிகால் பக்கம் இடுப்பளவு நீரில் நின்று அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. மழை அப்படி.

யோசித்தால் காரணம் எளிது. என் வயல் காயாமல் மிஷின் எப்படியும் அவன் வயலுக்குப் போக முடியாது. தன் காரியத்துக்காகத்தான் திறந்திருக்கிறான்.

கொண்டுபோன மண்வெட்டிக்கு வேலையில்லை.

ஜனவரி 20, திங்கள்

தூறல். இடையில் ஒரு பலத்த காற்று. சி.ஆர். நிமிர்ந்து நிற்கிறது. உள்வயலில் மடையோரம் முழுவதும் படுத்துவிட்டது, பாய் விரித்ததுபோல. கதிர் தண்ணீரில்.

ஜனவரி 21, செவ்வாய்

மழை விட்டது. வெயிலும் இல்லை.

மாணவர்களுக்கு விதை உறக்கம் என்று ஒரு பாடம் நடத்துவேன். முற்றிய விதை உடனே முளைக்காமல் கொஞ்ச காலம் தூங்கும். அது செடியின் புத்திசாலித்தனம் என்று சொல்வேன். உறக்கம் குறைந்த நெல்லாக இருந்து, முற்றிய கதிர் படுத்து, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் தாயோடு இருக்கும்போதே முளைத்துவிடும். கரும்பலகையில் படம் போடுவேன். முளைவேர், முளைக்குருத்து. அந்தப் படம் எனக்கு நன்றாக வரும்.

இன்று பொதுவரப்பில் குந்தி, படுத்திருந்த கதிர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மணி மணியாக வெள்ளை முனை வெளியே வந்திருந்தது. என் படத்தில் இருப்பதுபோலவே.

மடையோரத்தில் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. நிற்கிற பகுதி இன்னும் தேறும். இன்னொரு மழை வருவதற்குள் அறுத்தால்.

ஜனவரி 22, புதன்

என் வயலின் தெற்கு ஓரம் எப்படியும் நிழல் பகுதி. சவுக்குத் தோப்பு மறைக்கிறது. அங்கே மணி பிடிப்பது எப்போதும் குறைவு. அதை அறுத்துவிட்டால் மற்றதற்குக் காற்றோட்டம் கிடைக்கும். விவசாயக் கண்ணோட்டத்தில் சரியான முடிவு.

விடிந்ததும் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையிலிருந்து பொதுவரப்புவரை ஓரமாக அறுக்க ஆரம்பித்தேன். பால் பிடித்த கதிர். அறுக்கும்போது மணியை நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். கால் புதைந்தது. இவ்வளவு தூரம் குனிந்து அறுத்துப் பல ஆண்டுகளாயிற்று. கொஞ்ச தூரம் போனபின் பின்னால் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது. சுலோச்சனா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"இன்னும் அகலமா" என்றாள் ஒருமுறை.

"போதும்."

"மிஷினு ஒங்க சைக்கிளா? அகலமா அறுங்க."

அறுத்தோம்.

மதியம் அவள் அறுத்த பயிரைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு மாடு இல்லை. தம்பி வீட்டில் இரண்டு கறவை. திரும்பி வந்து சொன்னாள்: "அஞ்சுகம் கட்டப் பிரிச்சுப் பாத்தா. 'அக்கா, இது கதிரோட இருக்கே'ன்னா. ஆமான்னேன். தம்பி கொட்டாயில நின்னுச்சு. வந்து ஒரு கதிர எடுத்துப் பாத்துச்சு. 'மாட்டுக்குப் போடாத'ன்னுச்சு. அப்புறம் அதுவே எடுத்து மாட்டுக்குப் போட்டுச்சு. போட்டுட்டு, செல்போன எடுத்துக்கிட்டு வெளிய போச்சு."

"யாருக்குப் போன்?"

"மிஷினுக்காரனுக்குத்தான். வேற யாருக்கு, கலெக்டருக்கா?"

ஜனவரி 23, வியாழன்

செங்கோடன் வந்தான். டயர் மிஷின் இந்தச் சேற்றில் இறங்காது. இரும்புச் சங்கிலிப் பட்டை போட்ட செயின் மிஷின் வேண்டும். எங்கோ ஓர் ஊரில் அதை விடுவித்துக் கொண்டுவந்திருந்தான். இறங்கி வந்து நான் அறுத்துவைத்த பாதையைப் பார்த்தான்.

"யாருங்க இது, பால் கதிர அறுத்துப் போட்டுருக்கறது? எங்கூர்ப் பக்கம் இப்புடிப் பண்ணா வேப்பல அடிக்கக் கூட்டிட்டுப் போவாங்க."

சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நிழல் பகுதி" என்றேன்.

"சரிங்க சார்" என்றான். அவன் கண் தோப்பைப் பார்த்து, பாதையைப் பார்த்து, உள்வயலைப் பார்த்தது. மறுபடி "சரிங்க சார்" என்றான்.

மிஷின் இறங்கும்போது மாசிலாமணி முன்னால் நடந்தான். பாதையின் நடுவிலேயே நடந்தான். இரண்டு பக்கமும் என் பயிர். செங்கோடனைப் பார்த்து, "பாதைய விட்டு அந்தாண்ட போயிடாதப்பா. அண்ணன் பயிரு பால் பிடிக்குது" என்றான். அதை அவனிடம்தான் சொன்னான். எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நின்ற பயிரை மிஷின் வாரிக்கொண்டது. மடைப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. செங்கோடன் கீழே குதித்து, முளைத்துக் கிடந்ததைக் காலால் புரட்டினான்.

"இது ஆவாதுங்க. ஏனுங்க, மத்த எடமெல்லாம் தேவலையா இருக்குது, இந்த ஓரத்துல மட்டும் இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

நான் பொதுவரப்பில் நின்றிருந்தேன். மடை என் காலடியில் இருந்தது. இன்னும் திறந்துதான் இருந்தது.

"மழைதாம்ப்பா" என்றான் மாசிலாமணி. "வேற எங்கேருந்து வரும்?"

என்னைப் பார்க்கவில்லை.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. மிச்சத்தை டிராக்டரில் ஏற்றி என் பாதை வழியாகச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

வெயில். ஊர் நெல் முழுவதும் தார்ச்சாலையில் காய்கிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். தம்பியும் அஞ்சுகமும் என் வீட்டுக்கு எதிரே கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பழைய சேலைகளைத் தவிர மூட ஒன்றுமில்லை. கொல்லையில் சும்மா கிடந்த தார்ப்பாயைச் சுலோச்சனாவிடம் கொடுத்தனுப்பினேன். சும்மா கிடந்தால் எலி கடிக்கும்.

பிற்பகல் ஒரு தூறல் போட்டது. தார்ப்பாயின் ஒரு முனையை அவன் பிடித்தான், எதிர் முனையை அஞ்சுகம் பிடித்தாள். காற்று மூன்றாவது முனையைத் தூக்கியது. நான் சாலைக்கு இறங்கி அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். தூறல் நிற்கும்வரை நாங்கள் மூவரும் சாலையில் நின்றோம்.

"காபி போடவா?" என்று சுலோச்சனா சன்னலிலிருந்து கேட்டாள். தம்பி, "வேணாம் அண்ணி" என்றான்.

ஜனவரி 30, வியாழன்

தம்பிக்கு இருமல், காய்ச்சல் என்று சுலோச்சனா சொன்னாள். தண்ணீரில் நின்றது. கஷாயம் வைத்துக் கொண்டுபோனாள்.

பிப்ரவரி 6, வியாழன்

என் பயிர் நன்றாக மணி பிடித்திருக்கிறது. மடை மட்டும் அன்று திறந்திராவிட்டால் என்று மேலத்தெருக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

என் அறுவடை. மிஷின் மூலைகளில் திரும்ப முடியாது. அதனால் முதல் நாளே நான்கு மூலையையும் கையால் அறுத்துவைக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் என் வயல் மூலையை மாசிலாமணி அறுப்பான், அவன் வயல் மூலையை நான் அறுப்பேன். பேச்சு இல்லாத ஆண்டுகளிலும் அது நின்றதில்லை. நேற்று மாலைவரை பார்த்தேன். அவன் வரவில்லை. போன மாதம் அவன் மூலைகளை யார் அறுத்தார்கள் என்று இப்போதுதான் தோன்றியது. அஞ்சுகமாக இருக்கும்.

இந்த ஆண்டு மூலைகளை நானும் சுலோச்சனாவும் அறுத்தோம்.

கண்டுமுதல் நல்ல கண்டுமுதல். இந்தப் பக்கத்தில் இவ்வளவு நெல் யாருக்கும் கிடைக்கவில்லை. சொல்லிக்கொள்ள ஆள் தேடினேன். செங்கோடனிடம் சொன்னேன். "ஆமாங்க சார்" என்றான்.

தெற்கு ஓரத்தில், அன்று அறுத்த பாதையில், பச்சையாக ஒரு கோடு இருந்தது. டிராக்டரிலிருந்து சிந்திய பொன்னி முளைத்து நாற்றங்கால்போல வளர்ந்திருந்தது. சாலையிலிருந்து உள்வயல்வரை. நாற்றைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். செங்கோடன் அதன்மேல் மிஷினை ஏற்றப் போனான்.

"சுத்திப் போப்பா" என்றேன்.

"எதுக்குங்க? அது வெறும் முளைப்பு."

"சுத்திப் போ."

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலையில் தம்பி வீட்டுக்குப் போனேன். பாகம் பிரிந்தபின் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் அங்கே போனதில்லை. என்ன சொல்வது என்று எதையும் அடுக்கிக்கொண்டு போகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

அஞ்சுகம் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"அவன் இருக்கானா?"

"வெளிய போயிருக்காரு பெரியத்தான்."

வாசலில் அவன் செருப்பு கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. உள்ளே யாரோ இருமலை அடக்கி, அடக்க முடியாமல் இரண்டு தரம் இருமியது கேட்டது. அஞ்சுகம் தரையைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. நானும் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிம்மா. வந்ததும் கேட்டதா சொல்லு. வர்ற ஆவணியில அவன் என்ன நெல்லு விடப்போறான்னு தெரிஞ்சுக்க வந்தேன். அவன் எதப் போட்டாலும் நான் அதுக்கு முந்தி வெளையறதத்தான் போடுவேன்."

கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். இருமல் நின்றிருந்தது.

கவிழ்ந்து கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்து நேராக வைத்தேன். "ஐயோ, விடுங்க பெரியத்தான்" என்றாள் அஞ்சுகம். அதற்குள் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனா கேட்டாள்.

"தம்பி இருந்துச்சா?"

"வெளியே போயிருக்கான்" என்றேன். "நாளைக்குப் போகணும்."